ஒன்பதாம் பக்கத்தில் இறந்தவர்

காலை எட்டு மணி ஐந்து நிமிடம். அச்சகத்தின் பலகைக் கதவை நீக்கியதும் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. குடைக்குப் பின்னால் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. மறு கையில் மிளகாய்த்தூள் வாசம் அடிக்கும் கசங்கிய தாள்.

"தம்பி, இங்கதான கதிரேசன் மாஸ்டர் பொஸ்தகம் அடிக்கிறாங்க?"

"ஆமாங்கம்மா. நீங்க யாரு?"

"நான் அவன் அம்மா. செத்துப் போனவ."

நான் அப்போது மாத்தளையில் அந்தச் சிறிய அச்சகத்தின் புரூஃப் ரீடர். கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தியும் அனுப்பி வந்தேன். வந்தவரை உட்கார வைத்து விவரம் கேட்பது இரண்டாவது வேலையில் ஏற்பட்ட பழக்கம். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

பாரம்

இன்று கணினியில் பக்கம் அமைப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் எட்டுப் பக்கத்துக்கு மேல் ஈய எழுத்து இல்லை. எட்டுப் பக்கம் கோப்போம். அது ஒரு பாரம். அதை அச்சிட்டதும் எழுத்தைப் பிரித்துக் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த எட்டுப் பக்கத்தைத் தொடங்குவோம். அச்சான பாரத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. தாளும் அப்போது அரசாங்கப் பெர்மிட்டில் அளவாகத்தான் வந்தது. முன்னுரையும் பிழை திருத்தமும் எப்போதும் கடைசிப் பாரம்.

கதிரேசன் மாஸ்டர் நகரத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பித்தார். 'துன்பநேசன்' என்ற பெயரில் எழுதுவார். பெரிய எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகளை எல்லாம் வாசித்து, சிறு வயதில் கஷ்டப்படாதவர் எவரும் பெரிய எழுத்தாளர் ஆகவில்லை என்று கண்டுபிடித்திருந்தார். அவருடைய தகப்பனார் பலாபத்வல பக்கத்துக் கொக்கோத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. வீட்டில் சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆகவே சுயசரிதையின் ஒன்பதாம் பக்கத்தில், தமக்கு ஏழு வயதாக இருக்கையில், 'பலாபத்வல அங்கம்மாள்' என்று பெயர் ஊர் குறிப்பிட்டுத் தாயாரை இறக்க வைத்தார். அடுத்த மூன்று பக்கங்களுக்கு அழுதார். புரூஃபில் அந்தப் பகுதியில் நான் ஓர் ஒற்றுப்பிழை மட்டும் திருத்தினேன்.

எங்கள் வேஸ்ட் தாள்கள் கடைவீதிக்குப் போகும். மை அப்பியது, கோணலாக விழுந்தது எல்லாம் மசாலாக் கடை காசிம் நானாவிடம் சுருளாகி மிளகாய்த்தூள் சுமக்கும். மாத்தளையில் சில புத்தகங்களை ஊர் வெளியீட்டுக்கு முன்பே வாசித்துவிடுவது அப்படித்தான்.

"நானா தூளக் கட்டப் போனாரு தம்பி. தாளப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. 'அம்மா, மொதல்ல நீங்க ஒக்காருங்க'ன்னாரு. அப்பறம்தான் வாசிச்சுக் காட்டினாரு." அங்கம்மாள் குரலைத் தாழ்த்தினார். "நான் செத்தன்னிக்கு மழையாமே?"

"பலத்த மழைங்கம்மா."

"எத்தன பேரு வந்தாங்களாம்?"

தாளைப் பார்த்தேன். "நாலு பேர்னு இருக்குங்க."

"நாலே பேரா!" அதுவரை அமைதியாக இருந்தவர் எழுந்துவிட்டார். "எங்க தோட்டத்துல நாய் செத்தாக்கூடப் பத்துப் பேரு வருவாங்க. கூப்புடுங்க தம்பி அவன!"

இலக்கியம்

பாடசாலை இடைவேளையில் மாஸ்டர் வந்தார். தாயாரைக் கண்டதும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். எங்கள் அச்சகத்தில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"அம்மா, அது இலக்கியம்."

"எலக்கியத்துக்கு ஒங்கப்பா போதாதா? அவரு நெசமாவே செத்தவரு. அவர வச்சு அழுதா யாரு கேக்கப் போறா?"

"அப்பா போனப்ப எனக்கு முப்பத்திரண்டு வயசும்மா. அத வாசிச்சு யாரு அழுவா?"

"அதுக்கு என்னத் தூக்கி நெருப்புல வப்பியா?"

மாஸ்டர் அச்சக முதலாளியிடம் திரும்பினார். "அந்தப் பாரத்த மட்டும் திருப்பி அடிக்க முடியாதா?"

"பெர்மிட் தாள் மாஸ்டர். எழுத்தையும் பிரிச்சாச்சு. அவங்கள இனி நான் எழுப்ப முடியாது."

இதற்குள் காசிம் நானாவும் வந்துவிட்டார். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி பெறுபவர் அவர்தான். அவர் பெயரோடு அழைப்பிதழ் ஊர் முழுக்கப் போயிருந்தது. விழா வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க. உசிரோட இருக்கிற தாய மௌத்தாக்கின பொஸ்தகத்த நான் கையில வாங்க மாட்டேன். நாளைக்கு அல்லாஹ் கேப்பான், 'காசிம், ஒனக்குத் தெரியுந்தானே'ன்னு."

அங்கம்மாள் தம் நிபந்தனையைச் சொன்னார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அந்தப் பொஸ்தகத்துல நான் உசிரோட இருக்கணும். இல்லாட்டி ஞாயித்துக்கிழம மேடையேறி, செத்தவ பேச வந்திருக்கேன்னு சொல்லுவேன்."

மாஸ்டரின் முகம் தாள் நிறத்துக்கு வந்தது. ஒன்பது வருடங்களாக எழுதிய புத்தகம் அது. மண்டபம் சிரிக்கும் சத்தம் அவருக்கு அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கடைசிப் பாரம் இன்னும் கோக்கப்படவில்லை என்பதை நான் நினைவூட்டினேன். "பிழை திருத்தத்துல போடலாம், மாஸ்டர்."

"அது எழுத்துப் பிழைக்குத்தானே?"

"பிழைக்குங்க."

வேறு வழி இல்லாமல் பேனாவைத் திறந்தார். யோசித்து ஒரு வரி எழுதிச் சத்தமாக வாசித்தார். "பக்கம் ஒன்பது, வரி பதினாலு. 'என் அன்னை கண்மூடினாள்' என்பதை 'என் அன்னை சிறிது நேரம் கண்மூடினாள்' என வாசிக்கவும்."

"அப்பறம் முழிச்சாளான்னு போடு," என்றார் அங்கம்மாள்.

"அது தெரியும்தானேம்மா."

"என்னா தெரியும்? பத்தாம் பக்கத்துல நீ கொள்ளி வச்சதா நானா வாசிச்சாரு. தூங்குறவளுக்கா கொள்ளி வச்ச?"

அந்த ஒரு மரணத்தைத் திருத்தப் போய்த்தான் புத்தகம் முழுவதும் அதன் மேலேயே நிற்பது தெரிந்தது. நான் அச்சான பாரங்களை எடுத்து வாசிக்க, அம்மா சொல்ல, மகன் எழுதினார். அவர்கள் தந்தபடியே நாங்கள் கோத்தவற்றில் சில:

பக்கம் 12: 'தீபாவளிக்குப் புதுச்சட்டையின்றி அழுதேன்' என்பதை, 'புதுச்சட்டை இருந்தது; பொத்தான் பிடிக்காமல் அழுதேன்' என வாசிக்கவும்.

பக்கம் 15: 'பசியோடு பள்ளிக்கு நடந்தேன்' என்பதை, 'கட்டிக் கொடுத்த ரொட்டியையும் சம்பலையும் கொடுத்து மாங்காய் வாங்கித் தின்றபின் பசியோடு நடந்தேன்' என வாசிக்கவும்.

பக்கம் 21: 'தெருவிளக்கின் கீழ் படித்தேன்' என்பதை நீக்கவும். தோட்டத்தில் தெருவிளக்கு இல்லை.

இருபத்தோராம் பக்கத்தில் மாஸ்டர் பேனாவை வைத்துவிட்டார். "இப்பிடியே போனா என் வாழ்க்கையில என்னதாம்மா மிச்சம்?"

"ஏன், நான் இருக்கேன்ல?"

முதலாளிகூட மெஷினை நிறுத்தியிருந்தார். மாஸ்டர் பேனாவை மறுபடி எடுத்தார்.

"சின்னதுல எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சுதானே? அதாச்சும் நெசமா?"

"வந்துச்சு. லொறி கெடைக்காம ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு மாத்தள ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழி பூரா கக்கிக்கிட்டே வந்த. அத ஏன்டா எழுதல?"

"மறந்துட்டேன்."

"கக்குனது நீ. மறப்ப. எழுது."

எந்தப் பக்கத்துக்கான திருத்தமாகக் கோப்பது என்று கேட்டேன். மாஸ்டர் யோசித்து, "பக்கம் போடாதீங்க. 'விடுபட்டது'ன்னு போடுங்க," என்றார்.

பிழை திருத்தம் நான்கு பக்கங்களுக்கு வந்தது. "இனி இதுக்கும் ஒரு முன்னுரை கேப்பாங்க," என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை

மண்டபம் நிறைந்திருந்தது. மிளகாய்த்தூள் வாங்கிய எல்லோரும் வந்திருந்தார்கள். கண்டியிலிருந்து வந்த பேச்சாளர், புத்தகத்தைப் பிரித்துப் பார்க்க நேரமில்லாதவர், "தாயின் சிதையில் பிறந்த எழுத்து" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த அங்கம்மாள் சபையைத் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பேச்சாளர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்; எதற்காக எல்லோரும் சிரித்தார்கள் என்று பஸ் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

காசிம் நானா முதற்பிரதியைப் பெற்று, பின்பக்கத்திலிருந்து திறந்து, பிழை திருத்தத்தை வாசித்தார். பொத்தானுக்கு ஒரு சிரிப்பு, மாங்காய்க்குப் பெரிய சிரிப்பு. மாஸ்டர் மடியில் கை கோத்து, பரீட்சை மண்டபத்து மாணவனைப்போல் அசையாமல் இருந்தார்.

"சத்தமா வாசிங்க நானா, பின்னால உள்ளவங்களுக்குக் கேக்காது," என்றார் அங்கம்மாள்.

'விடுபட்டது' என்ற பகுதிக்கு யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொண்டுவந்த பிரதிகள் எல்லாம் அங்கேயே விற்றுப் போயின. வாங்கியவர்கள் நானா பிரித்த மாதிரியே பின்னாலிருந்து பிரித்தார்கள்.

நான் இதை விரிவாக எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். 'மாத்தளையில் நூல் வெளியீடு இனிது நடைபெற்றது' என்று ஒரு வரி வந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சுயசரிதைக்கு இரண்டு புரூஃப் எடுங்கள். ஒன்றை எழுதியவர் பார்க்கட்டும். மற்றதை, அவர் குழந்தையாக இருந்தபோது பெரியவராக இருந்த ஒருவர் பார்க்கட்டும். அப்படி ஒருவரும் உயிரோடு இல்லாவிட்டால் எழுதியவர் சொல்வதே உண்மை. ஒற்றுப்பிழையை மட்டும் திருத்துங்கள்.

சில மாதங்கள் கழித்து ஒரு செய்திக்காகப் பலாபத்வல போனபோது அங்கம்மாளின் வீட்டில் தேநீர் குடித்தேன். மகன் கொடுத்த பிரதி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். எட்டாம் பக்கத்துக்கு அடுத்தது பதினொன்று. அடுப்படியில் எலுமிச்சங்காய் ஊறுகாய்ச் சாடியின் வாயை, ஒன்பதாம் பக்கம் மேலே தெரியும்படி ஒரு தாளால் மூடி, நூலால் கட்டியிருந்தார்.