அல்பினாவும் பதினோரு தேன்பெட்டிகளும்

என் மனைவி அல்பினா இறந்து நாலு மாதம் ஆகிறது. அவளைப் பற்றிக் கேட்டால் லிபோவாவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெரும்பாலும் அவள் யாரையாவது மடக்கிய கதையாக இருக்கும். பல்கலைக்கழக வளாகம் எங்கள் ஊருக்கு வந்த கதையை மட்டும் எல்லோரும் தப்பாகச் சொல்கிறார்கள். மேயர் கொண்டுவந்தார் என்கிறார்கள், வங்கி கொடுத்தது என்கிறார்கள். என் அண்ணன் லாட் தன்னால்தான் வந்தது என்கிறான். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

என் மனைவி ஊர் மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் பதிவேடு பார்த்தவள். ஆனால் அவளுடைய பெயர் பரவியது விரிசல்களால். டெக்சஸின் இந்தப் பகுதி முழுக்கக் கரிசல். மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும், மேலே நிற்கும் வீட்டைச் சும்மா விடாது. வருடா வருடம் ஏப்ரல் கடைசியில், உங்கள் வீட்டின் மதிப்பு இவ்வளவு, அதன்படி வரி கட்டுங்கள் என்று மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வரும். ஒப்புக்கொள்ளாதவர்கள் மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் போய் வாதாடலாம். இங்கே யாரும் ஒப்புக்கொள்வதில்லை. நோட்டீஸைக் கையில் பிடித்தபடி நேராக எங்கள் சமையலறைக்கு வருவார்கள். அல்பினா கேமராவை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவாள். விரிசலுக்குள் ஒரு கால் டாலர் நாணயத்தைச் செருகிப் படம் எடுப்பாள். நாணயம் பாதி உள்ளே போனால் மதிப்பில் மூவாயிரம் குறையும். முழுசாக விழுந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர் அவளுக்குக் கசகசா பூரணம் வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு தட்டு கொண்டுவருவார். காசு வாங்கமாட்டாள்.

பிறகு ஒரு வருடம் பிரசவப் பிரிவை மூடினார்கள். நர்ஸ் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம். பிள்ளை பெற நாற்பத்தேழு மைல் போக வேண்டியதாயிற்று. ஆலைத் தெருவில் இருந்த ஹேட்டி கோல்மனின் மருமகளுக்குப் பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் இருந்தார்கள். அல்பினா அதைச் சிரித்தபடி கேட்டுவிட்டு, பாத்திரம் கழுவும்போது, “அடுத்த தடவை இப்படி நடக்காது எர்வின்” என்றாள். பிள்ளை வழியில் பிறந்ததைத்தான் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் தலைநகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று, நர்ஸிங் பள்ளியோடு ஒரு கிளை வளாகம் போடத் தயார் என்றது. இடம், சாலை, தண்ணீர், முதல் கட்டடம் எல்லாம் ஊர் தர வேண்டும். ஊரிடம் அவ்வளவு பணம் ஏது? நகர நிர்வாகியாக வந்திருந்த ரமோனா கிவன்ஸ் ஒரு வழி சொன்னார். மூடிக்கிடந்த பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலையைச் சுற்றி நானூறு ஏக்கருக்கு எல்லை வகுத்தார்கள். அதற்குள் இருக்கும் சொத்துகளின் அந்த வருட மதிப்பில் ஒரு கோடு. கோடு வரைக்குமான வரி எப்போதும் போல ஊர்ச் செலவுக்கு. கோட்டுக்கு மேல் மதிப்பு ஏற ஏறக் கிடைக்கும் வரி, இருபத்தைந்து வருடத்துக்கு வளாகத்துக்கு. அந்த வரவைக் காட்டிக் கடன் பத்திரம் விற்று முதலில் கட்டிவிடலாம். வங்கி ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. இரண்டாவது வருட முடிவில் மதிப்பு கோட்டைத் தாண்டித் தொண்ணூறு லட்சம் டாலராவது ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்திரம் இல்லை, வளாகம் இல்லை.

இரண்டாவது வருட நோட்டீஸ்கள் வந்தன. ஆலைத் தெரு வீடுகளுக்கெல்லாம் மதிப்பு ஏறியிருந்தது. அறுபத்துமூன்று பேர் எங்கள் சமையலறைக்கு வந்தார்கள். அதற்கு மறுநாள் கிவன்ஸும் வந்தார்.

“மேடம், நேரா விஷயத்துக்கு வரேன்” என்றார். “இதுவரைக்கும் ஐம்பத்திரண்டு லட்சம்தான் ஏறியிருக்கு. நீங்க எல்லார் வீட்டையும் இறக்கிட்டீங்கன்னா நாப்பத்தாறுக்கு வந்துரும். இந்த ஒரு வருஷம் மட்டும் கொஞ்சம் சும்மா இருக்க முடியுமா?”

“நான் சும்மா இருந்துருவேன். சுவரு சும்மா இருக்கலையே.”

“வளாகம் வேணும்னு கூட்டத்துல முதல்ல கை தூக்கினது நீங்கதான்.”

“இப்பவும் தூக்குறேன். ஹேட்டியோட விரிசலைக் காட்டிக் கடன் வாங்கணும்னு அன்னைக்கு யாரும் சொல்லலையே. எல்லைக்குள்ள இருக்குற எல்லா மனையோட பட்டியலும் குடுங்க. முழுப் பட்டியல்.”

கிவன்ஸ் கொடுத்தனுப்பினார். அல்பினா இரண்டு நாள் அதைப் படித்தாள். மூன்றாம் நாள் காலை, காப்பியை ஆறவிட்டுவிட்டு, பென்சிலை ஒரு வரியில் வைத்து என் பக்கம் திருப்பினாள். ஆலைக்கு எதிரே பதினெட்டு ஏக்கர். உரிமையாளர் லாடிஸ்லாவ் வ்ராசெல், என் அண்ணன். மதிப்பு நாலாயிரத்து எண்ணூறு டாலர்.

அது எங்கள் அப்பாவின் பருத்திக் காடு. அவர் போனபின் நிலம் லாடுக்கும் வீடு எனக்கும் வந்தன. லாட் விதைப்பதை விட்டுவிட்டான். பயிர் இல்லாத நிலம் என்றால் ஊர்நிலக் கணக்கில் லட்சக்கணக்கில் மதிப்புப் போடுவார்கள். விவசாய நிலம் என்றால் ஆயிரக்கணக்கில்தான். தேனீ வளர்த்தாலும் எங்கள் மாநிலத்தில் விவசாயம்தான். பதினெட்டு ஏக்கருக்குப் பதினோரு பெட்டி போதும். இந்த விதியைத் தேடிக் கண்டுபிடித்து, விண்ணப்பம் எழுதி, குழுவின் முன்னால் போய் வாதாடி ஜெயித்துக் கொடுத்தது அல்பினா. அதுதான் அவளுடைய மிகப் பெரிய வெற்றி என்று தேவாலய விருந்துகளில் லாடே சொல்வான்.

“பெட்டியில தேனீ இல்ல” என்றாள்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“ஈஸ்டருக்குத் தன் தேன்னு ஒரு பாட்டில் குடுத்தான்ல? கடையில ஒட்டின லேபிளை ஊறவெச்சு உரிச்சிருக்கான். பசை போகல. என் கையில ஒட்டிச்சு.” பென்சிலை எடுத்துக் காதில் செருகினாள். “உன் அண்ணன். வேண்டாம்னா இப்பவே சொல்லு.”

ஒவ்வொரு வசந்தத்திலும் அவன் அந்தப் பெட்டிகளுக்கு வெள்ளைப் பெயின்ட் அடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். கையில் உறைகூட இருக்காது. எனக்கும் தெரியும் என்றேன்.

அன்று மாலை அவள் லாட் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வராந்தாவில் டோமினோ ஆட மேசை போட்டிருந்தான்.

“வா, வா. இன்னைக்கு யார் வீடு இடிஞ்சு விழுந்துச்சு?” என்றான்.

“உன்னோடதுதான். நீயா போய் அந்த விவசாயக் கணக்கை விட்டுடு லாட். நீயா விட்டா ஊரே உன்னைத் தூக்கி வெச்சு ஆடும்.”

அவன் காய்களைக் கலைப்பதை நிறுத்தினான். “அந்த விண்ணப்பத்தை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“குழு முன்னாடி தேனீயைப் பத்தி இருபது நிமிஷம் பேசினது யாரு?”

“அதுவும் நான்தான். அப்ப தேனீ இருந்துச்சு.”

“போன குளிர்ல செத்துப்போச்சு. வாடகைக்குக் குடுத்தவன் இன்னும் வேற கூட்டம் கொண்டுவரல. நான் என்ன பண்றது?”

“மூணு குளிராச்சு. ஒண்ணும் பண்ண வேணாம். உண்மையச் சொன்னா போதும்.”

“அறுபது வீட்டுக்கு மதிப்பை இறக்குவ, சொந்தக்காரனுக்கு மட்டும் ஏத்துவ. நல்ல நியாயம்டி உன்னோடது!”

“அந்த வீடுகள்ல விரிசல் இருக்கு. உன் பெட்டியில ஒண்ணும் இல்ல” என்று எழுந்துவிட்டாள்.

தனியாள் இன்னொருவரின் மதிப்பை எதிர்க்க முடியாது, ஆனால் நகரம் எதிர்க்கலாம். கிவன்ஸ் கையெழுத்திட்டார். சாட்சி அல்பினா. விசாரணை ஜூன் பத்தாம் தேதி. அதே நாள் காலையில் ஆலைத் தெருவின் கடைசி ஏழு வீடுகளுக்கான விசாரணையும் இருந்தது.

ஹேட்டி முறை வந்தபோது அல்பினா படங்களை மேசையில் பரப்பினாள். குழுத் தலைவர் மாட்டுப் பண்ணைக்காரர், பென்னோ மெல்சர். குனிந்து பார்த்து, “நாணயம் எங்க?” என்றார்.

“உள்ள விழுந்துருச்சு ஐயா. இன்னும் எடுக்கல.”

“எடுக்க விட மாட்டேன்” என்றார் ஹேட்டி. “என் வீட்டுல இருக்குற ஒரே சேமிப்பு அதுதான்.”

எண்ணாயிரம் குறைத்தார்கள். ஹேட்டி வெளியே வரும்போது அல்பினாவின் தோளைத் தட்டி, “கண்ணு, மத்தியானம் உன் வீட்டுக்காரரோட அண்ணன் நிலமாமே. நான் உக்காந்து பாக்கப்போறேன், சாப்பாடு கட்டிக்கிட்டு வந்துருக்கேன்” என்றார்.

மத்தியானம் கூடத்தில் இடமில்லை. மெல்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “அல்பினா, காலையில நீ இறக்கச் சொன்ன. இப்ப ஏத்தச் சொல்ற. நீ எந்தப் பக்கம்னு எழுதிக்கட்டும்?” என்றார்.

“உள்ளது உள்ளபடின்னு எழுதிக்குங்க. இந்த நிலத்துக்கு விவசாய மதிப்பு வாங்கிக் குடுத்தது நான். நாலு வருஷம் முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து பேசினேன். அன்னைக்கு நான் சொன்னது சரி. இன்னைக்கு அது சரியில்ல. அதைச் சொல்ல வேண்டியதும் நான்தான்.”

லாட் எழுந்தான். பெட்டிகள் பதினொன்று இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம் என்றான்.

“எண்ணிக்கை சரிதான்” என்றார் மெல்சர். “ஒண்ணைத் திறந்து காட்டுவியா?”

“கொட்டும்.”

“நாப்பது வருஷமா காளைமாடு வெச்சிருக்கேன் லாட். வா, போலாம்.”

குழு மூன்று கார்களில் போயிற்று. பின்னால் பாதி ஊர். முதல் பெட்டியில் சிலந்திவலை. இரண்டாவதில் அதுவும் இல்லை. மூன்றாவதை மெல்சர் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பெயின்ட் டப்பாவையும் காய்ந்த தூரிகையையும் எடுத்தார். யாரும் சிரிக்கவில்லை. முதலில் சிரித்தது லாட்தான். சிரித்துவிட்டு யாரையும் பார்க்காமல் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பதினெட்டு ஏக்கருக்கு நாற்பத்தாறு லட்சம் டாலர் என்று போட்டார்கள். அறுபத்துமூன்று வீடுகளையும் இறக்கியபின் மொத்தக் கணக்கு தொண்ணூற்றிரண்டு லட்சம் வந்தது. செப்டம்பரில் பத்திரம் விற்றது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து கையெழுத்திட்ட அன்று மேயர் பேசினார், வங்கிக்காரர் பேசினார். அல்பினா பின்வரிசையில் உட்கார்ந்து ஹேட்டியின் பேத்தியை மடியில் வைத்திருந்தாள். பெட்ரோல் பங்கில் பிறந்த அதே பிள்ளை.

லாட் இருபத்துமூன்று மாதம் எங்களோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை டோமினோ நின்றது. அல்பினா அதற்காக வருந்தினாள், ஆனால் செய்ததற்காக வருந்தியதில்லை. கட்டடம் எழும்பியது. கரிசலில் அறுபதடி ஆழத்துக்குத் தூண் இறக்கினார்கள். அவள் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, இதில் எனக்கு வேலை இருக்காது என்றாள். நர்ஸிங் பள்ளியின் முதல் வகுப்பில் நாற்பத்தொரு பேர். அவர்கள் படித்து முடித்த வருடம் பிரசவப் பிரிவை எட்டுக் கட்டிலோடு திறந்தார்கள். அல்பினா மறுபடி பதிவேட்டின் முன்னால் போய் உட்கார்ந்தாள். முதல் வாரத்தில் ஆறு பெயர் எழுதினாள்.

லாட் வந்தது அதற்கெல்லாம் முன்பே. மாணவர் குடியிருப்புக் கட்ட வந்தவர்களுக்கு ஏழு ஏக்கரை விற்றிருந்தான். அப்பா ஆயுளுக்கும் பார்த்திராத பணம் அவனுக்குக் கிடைத்தது. மீதிப் பதினோரு ஏக்கருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. ஒரு மே மாதக் காலையில் சமையலறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து அதை மேசையில் வைத்தான். அல்பினா கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தாள். பக்கத்து மனை விற்ற விலையோடு ஒத்துப் பார்த்தாள்.

“இறக்க முடியுமா?” என்றான்.

“முடியாது. சரியாத்தான் போட்டிருக்காங்க. கட்டிடு.”

“வேற யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கட்டுமா?”

“கேளு. அவங்க உன்கிட்டக் காசு வாங்கிக்கிட்டு இதையேதான் சொல்லுவாங்க.”

லாட் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, காப்பி இருக்கிறதா என்று என்னைக் கேட்டான். அந்த வருட வரியைக் கெடுவுக்கு முன்பே கட்டினான். அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. தன்னால்தான் வளாகம் வந்தது என்று அவன் சொல்லத் தொடங்கியதும் அப்போதுதான்.