காசுக்கு சப்போர்ட்

சாஃப்ட்வேரை ஓசியில் கொடுத்துவிட்டு, அது மக்கர் பண்ணும்போது போய்ச் சரிசெய்யக் காசு வாங்குவதுதான் என் தொழில். பெண் பார்க்கப் போன இடத்தில் இதை விளக்கியதில் மாமனாருக்குத் தலைசுற்றல் வந்தது. பெண்ணைக் கொடுத்தது இரக்கத்தில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வாணியம்பாடியில் ஒரு மாடியறை என் கடை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்று, மிஞ்சியது காவலூரைத் தாண்டி மலைமேல் இருந்த ஒரு விவசாயிகள் சங்கம். அவர்களுடைய புளிக்கும் சாமைக்கும் எடை, பில் போடும் புரோகிராமை நான்தான் ஏற்றிக் கொடுத்திருந்தேன். முதல் வருஷம் சும்மாவே பார்த்துக்கொண்டேன். இனி வருஷச் சந்தா கேட்க வேண்டும். அவர்களும் இல்லையென்றால் கடையை மூடிவிட்டு மச்சானின் தோல் கம்பெனிக்குப் போவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. சங்கக் கூட்டத்துக்குப் போகும் வழியில், காவலூர் வானாய்வகத்தில் பெரிய கண்ணாடி வைத்து நட்சத்திரம் பார்க்கிறவர்களைக் கடக்கும்போது, என் நேரத்தையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன் என்று கேட்கத் தோன்றியது.

சங்கத்தில் மேலூர், கீழூர் என்று இரண்டு கட்சி. எடையில் ஏமாற்றுவதாக ஒருவர்மேல் ஒருவர் பழி. கம்ப்யூட்டர் பில் வந்த பிறகுதான் அது அடங்கியிருந்தது. அந்தத் தெம்பில், சங்கக் கிடங்கில் நடந்த கூட்டத்தில் எழுந்து, சாஃப்ட்வேர் ஃப்ரீ, சப்போர்ட்டுக்குத்தான் காசு என்றேன்.

கீழூர் மீசைக்காரர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னா சார், காசு வாங்கினு சப்போர்ட் பண்ணுவீங்களா? யாருக்கு?"

அப்போதுதான் உறைத்தது. ஊரில் சப்போர்ட் என்றால் சண்டையில் ஒரு பக்கம் சேர்வது. சங்கத்தின் தலைவரம்மாவோ மேலூர்க்காரர். சங்கக் காசில் மேலூருக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கீழூர் எழுந்துவிட்டது. நான் யார் பக்கமும் இல்லை, புரோகிராம் பக்கம் என்றேன். ஓசியில் வந்ததுக்கு ஆள் பலம் எதற்கு என்றார்கள். சரி, ரிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கெட்டுப்போகும் என்று தெரிந்தேதான் தலையில் கட்டினாயா என்று மேலூரும் எழுந்தது. இரண்டு கட்சியையும் ஒன்று சேர்த்த பெருமை எனக்குண்டு.

கூட்டம் கலைந்ததும் தலைவரம்மா என்னை வெளியே அழைத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அலுப்பு தட்டியிருக்காது.

"சார், நீங்க காசு வாங்கலன்னுதான் அந்த பில்ல ரெண்டு ஊரும் நம்புது. வாங்கிட்டீங்கன்னா பழையபடி சண்டதான். எப்ப வேணா வாங்க, நம்ம வூட்ல சாப்புட்டுப் போங்க. காசு மட்டும் கேக்காதீங்க."

விற்காமல் இருக்கும்வரைதான் என் சரக்குக்கு மதிப்பு என்று தெரிந்த பிறகு வியாபாரி எதை விற்பான்? தலையாட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பில் வரவில்லையாம். போய் உட்கார்ந்தேன். பிரிண்டரில் காகிதம் சிக்கியிருந்தது. என் ஒரு தோளுக்குப் பின்னால் மேலூர், இன்னொரு தோளுக்குப் பின்னால் கீழூர். அடுத்த வாரம் நான் தோல் கம்பெனியில் இருப்பேன் என்பதை எந்தப் பக்கம் திரும்பிச் சொல்வதென்று தெரியாமல், காகிதத்தை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன்.