ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஒரு துவக்கு

குலசேகரத்தாருக்கு ஐம்பத்துநாலு வயதாகியும் ஒருவருக்கும் ‘ஏலாது’ என்று சொல்லத் தெரியாது. லண்டன் ஹவுன்ஸ்லோவில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு இது நன்றாகவே தெரியும். பிரஷர் குக்கர் மூடி இறுகினால் அவர். பிள்ளை வண்டியின் சில்லு கழன்றால் அவர். ஹீத்ரோ விமானநிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வண்டில்களைத் திருத்துவது அவருடைய வேலை. அந்தக் கையை ஊருக்கே நேர்ந்துவிட்டதாகச் சனம் முடிவு கட்டிவிட்டது. மனுசனும் எல்லாவற்றுக்கும் “ஓம், கொண்டு வாங்கோ” என்பார். மனைவி சுசிலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி வந்ததுதான் அந்தத் துவக்கும்.

2009 யூன் மாதம், ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஞானேஸ்வரன் கையில் ஒரு கடைப் பையோடு வந்தார். பலசரக்குக் கடைக்காரர், ஒரு பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். குலசேகரத்தார் அந்தப் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதித்தவரில்லை. அதனால் என்ன?

“அண்ணை, ஞாயிற்றுக்கிழமை எங்கடை விளையாட்டுப் போட்டி. ஓட்டம் தொடக்கப் புதுத் துவக்கொண்டு வாங்கினனான். ஒருக்கால் ஆட்டிப் பாருங்கோ.”

ஆட்டினால் கைபிடிக்குள் ‘டக், டக்’ என்று ஏதோ ஒன்று கழன்று உருண்டது. குண்டு பாயாது, வெடிச் சத்தம் மட்டும் கேட்கும் துவக்கு. முனையில் செம்மஞ்சள் பூச்சு.

“புதுச் சாமான் எல்லோ? வாங்கின கடையிலையே மாத்தலாமே” என்றாள் சுசிலா.

“ஆர் அவ்வளவு தூரம் போறது அக்கா? அண்ணையின்ரை கைக்கு இது அஞ்சு நிமிச வேலை.”

குலசேகரத்தார் என்ன சொல்லியிருப்பார் என்று நான் வேறு சொல்லவேண்டுமா?

சின்ன ஸ்குறூடிரைவர் வேலைத்தலத்தில் கிடந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிய அதைக் கொண்டுவந்து கழற்றிப் பார்க்கலாம் என்று, துவக்கை ஒரு வெறும் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் வைத்து மூடி, குசினி மேசையில் வைத்தார். எங்கடை வீடுகளில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீமைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். அடுத்தநாள் மத்தியானம் சுசிலா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டி, அதே மாதிரி இன்னொரு பெட்டியை அதே மேசையில் வைத்தாள். அவர் பின்னேர ஷிப்டுக்கு வெளிக்கிடுகிற நேரம் பார்த்து, பக்கத்துத் தெரு ரஜனி போனில் பிடித்துக்கொண்டாள். வோஷிங் மெஷினிலிருந்து தண்ணீர் ஒழுகுதாம். “ஓம் பிள்ளை, நாளைக்கு வாறன்” என்று சொல்லிக்கொண்டே மேசையில் கைக்கு எட்டிய பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்து, பஸ்ஸுக்கு ஓடினார்.

பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வேலையாட்களைச் சோதிக்கும் வாசலில் வரிசை மெல்ல நகர்ந்தபோதுதான் பை இடுப்பில் தட்டியது. டக். இன்னும் ஓரடி. டக், டக்.

புட்டு உருளாது.

ஐயோ கடவுளே! குலசேகரத்தார் உடனே வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“சுசிலா, மேசையிலை இருக்கிற பெட்டியைத் திறந்து பாரும்.”

மூடி திறக்கிற சத்தம் கேட்டது. “புட்டு. ஏனப்பா, சாப்பாட்டை விட்டிட்டே போனீங்கள்?” பிறகு அவளுக்கும் விளங்கிவிட்டது. “என்ரை அம்மாளாச்சி!”

அவர் போனை வைத்தார். முன்னால் ஆறு பேர். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, மேலே கமரா. இந்த வரிசையிலிருந்து திரும்பிப் போகேலாது. போன வருடம் ஒருவன் பேர்ஸை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போக, ஏன் திரும்பினாய் என்று கேட்டு ஒரு மாதம் அவனுடைய பாஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். கழுத்தில் தொங்கும் அந்தப் பாஸ் இல்லையென்றால் உள்ளே கால் வைக்க முடியாது. வேலையும் இல்லை. சுவிஸ் ஹோட்டலில் எட்டு வருடம் கோப்பை கழுவி, லண்டனுக்கு வந்து, முன்பு இருந்த இடங்களிலிருந்தெல்லாம் நற்சான்றுக் கடிதம் எடுத்துக் கொடுத்து வாங்கிய பாஸ். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

செம்மஞ்சள் பூச்சு எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாது. அதற்குத் தெரிவது துவக்கின் உருவம் மட்டும்தான். ஊரில் சண்டை முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு தமிழனின் சாப்பாட்டுப் பைக்குள் துவக்கு!

ஐந்து பேர். நாலு பேர்.

பைகளைச் சோதிக்கும் மெஷினடியில் நின்றது பியற்றிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இரண்டு குழந்தைகளின் தாய். அவளுடைய வீட்டு மின்னடுப்பின் கதவையும் இவர்தான் திருத்திக் கொடுத்தவர். அவளைக் கண்டதும் மனதில் ஒரு கள்ள எண்ணம் ஓடியது. தமிழில் ஒரு சொல் சொன்னால், பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுமோ?

“என்ன அண்ணை, இண்டைக்கு என்ன சாப்பாடு?” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குத் தன்மேலேயே வெட்கமாய்ப் போய்விட்டது. பையை மெஷினின் ஓடும் பட்டியில் வைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “பிள்ளை, பெட்டி மாறிப்போச்சு. இதுக்குள்ளை துவக்கு இருக்கு. ஓட்டப்போட்டித் துவக்கு.”

பியற்றிஸின் முகம் செத்துப்போயிற்று. “அண்ணை,” என்றாள் மெல்ல, “பையை நிலத்திலை வைச்சிட்டு, அதை இங்கிலீசிலை சத்தமாய்ச் சொல்லுங்கோ. நீங்களாய்ச் சொன்னதெண்டு எல்லாருக்கும் கேக்கவேணும்.”

அவர் சொன்னார். வரிசை முழுக்கப் பின்னால் பாய்ந்தது. பியற்றிஸ் கண் கலங்கக் கலங்க அவசரப் பொத்தானை அமத்தினாள். உண்மைத் துவக்கோடு இரண்டு பொலிஸ்காரர் ஓடி வந்தார்கள்.

யன்னல் இல்லாத அறையில் மூன்று மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். இவரும் சொன்னதையே சொன்னார். கடைசியில் பொலிஸ்காரி ஒருத்தி, இவர் கொடுத்த நம்பருக்குப் போன் அடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தை வெளியே விட்டாள். ஞானேஸ்வரனின் குரலைக் கேட்டதும் குலசேகரத்தாருக்கு உயிர் திரும்பி வந்தது. இனி என்ன பயம், ஆள் சொல்லிவிடுவார்.

“குலசேகரமோ?” ஞானேஸ்வரன் இங்கிலீசில் நல்ல மரியாதையாகச் சொன்னார். “மன்னிக்கவேண்டும். அப்படி ஒராளை எனக்குத் தெரியாது. துவக்கைப் பற்றியும் ஒன்றும் தெரியாது.”

பொலிஸ்காரி இவரைப் பார்த்தாள். துவக்கு விளையாட்டுச் சாமான்தான் என்று அவர்களே கண்டுகொண்டதால் வீட்டுக்கு விட்டார்கள். ஆனால் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றி வாங்கிவிட்டார்கள். துவக்கு யாருடையது, யார் வாங்கினது என்று தெளிவாகிற வரைக்கும் பாஸ் தங்களிடம்தான் இருக்கும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தார். சுசிலா மேசையில் இரண்டு சாமான் வைத்தாள். ஒன்று, மத்தியானப் புட்டு. மற்றது, துவக்கு வந்த கடைப் பைக்குள் அவள் தேடியெடுத்த பில். அதில் ஞானேஸ்வரனின் பெயர், கடை விலாசம் எல்லாம் வடிவாய் அடித்திருந்தது.

“எழும்புங்கோ. இதைப் பொலிஸிலை கொண்டுபோய்க் குடுப்பம்.”

“பாவம், அந்தாளுக்கும் கடை கண்ணி இருக்கு. பயத்திலை சொல்லிப்போட்டுதாக்கும்” என்று இழுத்தார் குலசேகரத்தார். சுசிலா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் போன் அடித்தது.

“அண்ணை, குறை நினையாதேங்கோ” என்றது ஞானேஸ்வரனின் குரல். “பொலிஸ் எண்டவுடனை எனக்குக் கைகால் ஓடேல்லை. துவக்கு வந்த பைக்குள்ளை ஒரு பில் கிடக்கும், அதைக் கிழிச்சுப் போடுங்கோ. நீங்கள்தான் வாங்கினது எண்டு ஒரு சொல் சொல்லிவிடுங்கோ, எல்லாம் முடிஞ்சுது. எனக்குக் கடை, லைசென்ஸ், சங்கம் எண்டு எவ்வளவு இருக்கு. உங்களுக்கு வண்டில் திருத்துற வேலைதானே, எங்கையும் எடுக்கலாம். நீங்கள் ஒருநாளும் மறுக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்.”

பழக்கத்தில் குலசேகரத்தாரின் வாய் ‘ஓம்’ என்று சொல்லத் திறந்தது. கை தன்பாட்டில் கழுத்துக்குப் போய்ப் பாஸைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.

“ஆர் கதைக்கிறது?” என்று கேட்டார்.

“நான்தான் அண்ணை, ஞானேஸ்வரன்.”

“ஞானேஸ்வரனோ? மன்னிக்கவேணும். அப்பிடி ஒராளை எனக்குத் தெரியாது.”

போனை வைத்துவிட்டு, பில்லை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். சுசிலா அதற்குள் அவருடைய சப்பாத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்திருந்தாள்.