துரைசாமி அண்ணன் சொல்லாத பெயர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். துரைசாமி அண்ணனின் மகன் அனுப்பிய இரண்டு வரிகளை யாரோ எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அப்பா விடியற்காலையில் மாரடைப்பில் தவறிவிட்டார், காரமடை வீட்டில் வைத்திருக்கிறோம் என்று. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன. அவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியவர் யாரும் இல்லை. ஏன் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் ஆய்வு வண்டியின் டிரைவர். புதிதாக ஆலை தொடங்கி இத்தனை பேருக்கு வேலை கொடுத்தோம் என்று காட்டும் கம்பெனிகளுக்கு, அவர்கள் கட்டும் வரியில் ஒரு பங்கை அரசு சில ஆண்டுகள் திருப்பித் தருகிறது. அந்த ஆட்கள் உண்மையில் இருக்கிறார்களா என்று முன்னறிவிப்பில்லாமல் போய் எண்ணிப் பார்ப்பது எங்கள் வேலை. நான் ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க எல்லோர் மேலும் சந்தேகம்தான் வரும்.

காரமடைப் பக்கம் ஒரு புதிய பின்னலாடை ஆலைக்குப் போயிருந்தோம். சொன்ன கணக்குக்கு ஒரு ஆள் குறையாமல் பெண்கள் புதுச் சீருடையில் நின்றார்கள். துணியில் மடிப்புக்கோடுகூடக் கலையவில்லை. எங்கள் அதிகாரிக்குத் திருப்தி. வெளியே அண்ணன், கம்பெனி பஸ் டிரைவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் வண்டியில் ஏறியதும் சாவியைத் திருப்பாமல் சொன்னார்.

"இந்தப் பஸ்ஸு காலைல கருமத்தம்பட்டில இருந்து வந்திருக்குதுங்க சார். அங்க இவங்களுக்குப் பழைய மில்லு ஒண்ணு இருக்குதுங்க. இன்னிக்கு அதைப் பூட்டிப்போட்டு வந்திருக்கறாங்க."

திரும்பிப் போய் விசாரித்தோம். பாதிப் பேர் பழைய மில்லில் பத்து வருடமாக இருப்பவர்கள். விண்ணப்பம் தள்ளுபடியானது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். ஒரு டிரைவருக்குக் கம்பெனி சங்கதி இவ்வளவு எப்படித் தெரிகிறது என்று நான் யோசித்தேன்.

அதன்பிறகும் நாங்கள் போகிற இடமெல்லாம் ஆட்கள் தயாராகவே நின்றார்கள். யாரோ முன்கூட்டியே சொல்கிறார்கள் என்பது உறுதியானது. டிரைவர்தான் என்ற பேச்சு பரவியது. அதிகாரி என்னை அழைத்து, ஆய்வுக்கு முந்தின நாள் துரைசாமி போனில் பேசியதைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்திருந்தேன். கம்பெனிக்காரர்களிடம்தானே என்றார். யாரிடம் என்று எனக்குத் தெரியாது. தலையாட்டினேன். அடுத்த மாதம் அவரை வேறு மாவட்டத்தில் தபால் வண்டி ஓட்ட அனுப்பினார்கள்.

நாலு மாதம் கழித்து, புது டிரைவரோடு அவிநாசி சாலையில் ஓர் ஆலைக்குப் போனோம். அதிகாரி வண்டியிலிருந்து இறங்கும் முன்பே மேனேஜர் என்னிடம் வந்தார்.

"வாங்க அம்மணி. நேத்து நீங்க போன்ல சோறு வேண்டாம்னுட்டீங்க. மோர் மட்டுந்தானுங்க வெச்சிருக்கறோம்."

உச்சிப்பொழுதில் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆய்வுக்குப் போன இடத்தில் கை நனைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இலை போட்ட பிறகு மறுத்தால் அவர்கள் மனம் நோகும். அதனால் ஒவ்வொரு முறையும் முந்தின நாளே அழைத்து, நாளைக்கு நாலு பேர் வருகிறோம், எங்களுக்கு எதுவும் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அது சாப்பாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு என் போன் மேல் சந்தேகம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் விடுமுறையில் வந்திருந்தபோது காரமடைக்குப் போனேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், தலையாட்டியதையும் சேர்த்து. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க வராண்டா மூலைல நின்னு மெதுவாப் பேசறதை நானும் பாத்திருக்கறனுங்க. காசு வாங்கிட்டு நாம வர்றதை முன்னாடியே தாக்கல் சொல்றீங்கன்னே நெனச்சுப்போட்டேன். சோத்துக்குன்னு இப்பத்தான் தெரியுது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் வெட்கம். அதிகாரி உங்களிடமும் கேட்டிருப்பாரே, ஏன் சொல்லவில்லை என்றேன்.

"கேட்டாருங்க. நீங்க பேசறதைத்தான் பாத்தேன், என்ன பேசுனீங்கன்னு காதுல உளுகலீங்களே. உளுகாததை எப்பிடீங்க அம்மணி சொல்றது?"

திங்கட்கிழமை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். முடிந்த விஷயத்தைக் கிளறாதே, உன் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஒரு வருடம் ஓடிவிட்டது. அண்ணன் அந்தக் கெட்ட பெயரோடுதான் போனார்.

இதையே நேற்று கையெழுத்திட்டு அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தம் இனி என்னாகும் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் யாரையும் முன்கூட்டியே போனில் அழைப்பதில்லை. கட்டுச்சோற்றை வண்டியிலேயே வைத்துச் சாப்பிடுகிறோம். சந்தேகப்படுவதை நான் விடவில்லை, அண்ணனும் கடைசிவரை விட்டவர் இல்லை. ஆனால் அறிக்கையில் ஒருவர் பெயரை எழுதும் முன் பேனாவை நிறுத்தி, இதை நீ பார்த்தாயா, கேட்டாயா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். இங்கே எழுதுவதற்கு அந்தத் தயக்கம் தேவைப்படவில்லை. போனில் சொன்னவள் நான்.