போட்டோவுக்கு முந்தைய காட்சி

ஒரே வாரத்தில் ஒரே படத்தை மூன்று முறை பார்த்தோம், அப்பாவும் நானும். நல்ல படமாக இருந்தால் சொல்ல ஒன்றுமில்லை, ஆரணிக்காரர்கள் பிடித்த படத்தைப் பத்து முறைகூடப் பார்ப்பார்கள். இது, பார்த்தவர்கள் வெளியே வந்து காறித் துப்பிய படம்.

அம்மா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது.

படத்தைப் பற்றி முதலில் சொன்னது பக்கத்து வீட்டு அண்ணன். போளூரில் பார்த்துவிட்டு வந்தவர், தெருவில் பாவு இழைகளை நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்த அப்பாவிடம் நின்றபடியே சொன்னார்.

"நம்ம கதைண்ணா. தறிகாரன் கதை. அவன் தறியில குந்திகினு இருக்கிறான், பொண்டாட்டி சீக்குல படுத்து செத்துப்பூடறா. அப்படியே உங்க வூட்ல நடந்த மாரியே கீது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பாவின் மறுமுனைக்கு நடந்துவிட்டார். அப்பா கஞ்சித் துணியைப் பிழிந்தார். பிழிந்துகொண்டே, "இங்க எப்ப வருது?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னபோது தறியில் ஒரு முகூர்த்தப் புடவை இருந்தது. இரண்டு கெஜம் பாக்கி. வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் தறியைத் தொடக்கூடாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சாவு விழுந்த நேரத்தில் தறியில் நின்ற புடவையை எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் கட்டமாட்டார்கள். மனைவி பிழைக்கமாட்டாள் என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் தெரிந்துவிட்ட நெசவாளி என்ன செய்வானோ அதை அப்பா செய்தார். மாமாவோடு எங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து தறிக்குழியில் இறங்கினார். சாவுக்கு முன்னால் ஓடிக்கொண்டே நெய்தார். மூன்றாம் நாள் மத்தியானம் புடவையைத் தறியிலிருந்து அறுத்து, மடித்து, முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வேலூர் பஸ்ஸைப் பிடித்தார். வந்து சேர்ந்தபோது அம்மாவை வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். மாமா எங்கிருந்தோ ஒரு மாலை வாங்கி வந்து போட்டிருந்தார்.

கடைசி அரை மணி நேரம் மாமாவும் பக்கத்தில் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தைத் தேடிக் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தார். நான்தான் இருந்தேன். அப்பா வராந்தாவில் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. காரியம் முடிந்த பிறகும் கேட்கவில்லை. அதில் விசித்திரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் பெரியவர்கள் குழந்தைகளிடம் எதையும் கேட்டு வழக்கமில்லை.

படம் ஆரணிக்கு வந்த அன்று, சமைத்துப் போட எங்கள் வீட்டோடு வந்திருந்த அத்தை வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பொண்டாட்டி செத்து வருஷம் திரும்பல. சினிமா கேக்குதா உனுக்கு?"

"பாப்பா கேட்டுச்சிக்கா."

நான் கேட்கவே இல்லை. ஆனாலும் கேட்ட முகத்தை வைத்துக்கொண்டேன்.

மத்தியான ஆட்டம். தகரக் கூரை அடுப்பில் வைத்த தோசைக்கல்லாகக் காய்ந்தது. தரை டிக்கெட் முழுக்கத் தறிகாரர்கள். நம்மைப் பற்றி ஒரு படம் என்று கேள்விப்பட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். எடுத்தவர்களோ தறியை எங்கோ பொருட்காட்சியில் எட்ட நின்று பார்த்திருக்க வேண்டும். கதாநாயகன் நாடாவை இழைக்குள் வீசுவான், மிதியில் கால் மாற்றமாட்டான், பலகை இழுத்து அடிக்கமாட்டான், அதற்குள் பாட்டு வந்துவிடும். தறியில் மஞ்சள் பாவு, அறுத்தெடுத்தது நீலப் புடவை. ஒரு சோகக் கட்டத்தில் பட்டுப் பாவின் மேல் குனிந்து அவன் அழுதான். கண்ணீர் சொட்டுச் சொட்டாக இழைமேல் விழுந்தது.

"டேய், கறை ஆயிடும்டா, அப்பால தள்ளிப் போயி அழு," என்று தரையிலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது.

சிரிப்பு இடைவேளை வரைதான். அதற்குப் பிறகு எல்லோருக்கும் எரிச்சல். முன்பின் தெரியாத ஒருவன் நம் வீட்டுக்குள் புகுந்து, சாமான்களை இடம் மாற்றி வைத்து, இதுதான் உன் வீடு என்று நமக்கே காட்டினால் வருகிற எரிச்சல். பீடிப் புகை கனத்தது. ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள்.

அப்போது அந்தக் காட்சி வந்தது. மனைவி பாயில் கிடக்கிறாள். இரண்டு முறை இருமுகிறாள். விளக்கு ஆடுகிறது. தலையை உயர்த்தி, எதையோ சொல்ல வாயைத் திறக்கிறாள். அடுத்த நொடி சுவரில் மாலை போட்ட போட்டோ. கதாநாயகன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறான்.

"இன்னாடா இது, இருமுனா போட்டோவா?" என்றது அதே குரல்.

அப்பா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடுவுல காணோமே," என்றார். யாரிடமும் இல்லை. மிச்சப் படத்தை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. முழங்காலைப் பிடித்திருந்த கையை, விளக்கு போட்ட பிறகுதான் எடுத்தார்.

அவர் நினைத்தது இது: ஆபரேட்டர் வெட்டிவிட்டான். ஆரணியில் அப்படி நினைப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. வேலூரில் ஓடி, போளூரில் ஓடி, தேய்ந்து நைந்துதான் படப்பெட்டி எங்களுக்கு வரும். கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டுவார்கள், அவசரம் என்றால் ஒரு பாட்டே காணாமல் போகும். அந்தத் துண்டுகள் தெருப்பிள்ளைகளின் டவுசர் பையில் கிடக்கும். அதனால் மறுநாளும் போனோம். ஒருவேளை இன்றைக்கு ஒட்டிப் போட்டிருப்பானோ என்று. அதே இருமல், அதே வாய், அதே போட்டோ. வீட்டில் தறி சும்மா நின்றது. இவனுக்கு ஜல்தியாக ஒருத்தியைக் கட்டி வைக்காவிட்டால் தெருவில் அலைவான் என்று அத்தை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியே சொன்னாள். மூன்றாம் நாளும் போனோம்.

அன்று படம் விட்டதும் அப்பா வெளியே வரவில்லை. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னாலிருந்த இரும்புப் படியில் ஏறினார். மெஷின் அறையில் பனியன் போட்ட ஆபரேட்டர், ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஒரு துண்டு வெட்டிட்டியே, அது எங்க கீது?"

"எந்தத் துண்டுங்க?"

"அந்தம்மா சாவறது."

"அது படத்துலயே இல்லீங்க. எடுத்ததே அப்படித்தான்."

"இருமறவ எப்படி போட்டோ ஆவா? நடுவுல ஒண்ணு இருக்கணும்ல. இன்னாமோ சொல்ல வாயத் தொறக்குதே அந்தம்மா. சொல்லாமயா பூட்டா?"

"பேஜாரா போச்சுங்க. எடுத்தவன் மெட்ராஸ்ல குந்திகினு கீறான், ஊரே என்னிய திட்டுது. இதுல நீங்க படியேறி வேற வந்துட்டீங்க."

சிரிக்கத் தொடங்கியவர் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தகர டப்பாவைத் திறந்து, சுருளை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரல்நக அளவில் அந்தப் பெண் இருமினாள், கட்டம் கட்டமாக, வரிசையாக. கடைசிக் கட்டத்தில் வாய் திறந்திருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் மாலை.

"தொட்டுப் பாருங்க. வெட்டி ஒட்டியிருந்தா கையில தட்டும்."

அப்பா தொட்டார். ஆயிரக்கணக்கான பாவிழைகளில் அறுந்த ஒன்றைக் கண் பார்க்காமலே தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற விரல். வாய்க்கும் மாலைக்கும் நடுவில் அதை மெல்ல நகர்த்தினார். திரும்பக் கொண்டுவந்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை. வழவழவென்று இருந்திருக்க வேண்டும். விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சரிதான். எடுத்தவனும் அங்க இல்ல போலகீது."

ஆபரேட்டருக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சிரித்து வைத்தார். எனக்கும் புரியவில்லை, நானும் சிரித்தேன்.

வெயிலில் நடந்தோம். அப்பா என் கையை விடவே இல்லை. பொதுவாகப் பிடிக்கமாட்டார். எங்கள் தெரு முனைக்கு வந்ததும் நின்றார். எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, "பாப்பா, அன்னிக்கி நீ அம்மாவாண்ட..." என்று ஆரம்பித்தார்.

மூன்று நாளாக என்னிடம் ஒன்று முட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று பட்டது.

"அப்பா, அப்பா, நான் ஒண்ணு கண்டுபுடிச்சேன். அந்த போட்டோவுல மூக்குத்தி இந்தப் பக்கம் கீது. உசுரோட இருக்கறப்ப அந்தப் பக்கம். மாத்திப் போட்டுட்டாங்க, யாருமே பாக்கல."

அப்பா குனிந்து என்னைப் பார்த்தார்.

"ஆமாவா? நான் பாக்கலியே," என்றார். "நீ நல்லா பாக்கற."

பிறகு நடந்தார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி எடுக்கவில்லை. சின்னம்மா வந்தாள், தம்பி பிறந்தான், நான் கல்யாணமாகிப் போனேன், அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

அன்று முழுதாகக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது. பயந்துகொண்டிருந்தேன். மாமா மருந்துக்குப் போயிருந்தபோது அம்மா கண்ணைத் திறந்து, "உங்கப்பா பொடவைய அறுத்துட்டாரா?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? "அறுத்துட்டாரும்மா," என்றேன். "அப்ப வந்துகினு இருப்பாரு," என்றாள். வாசல் தெரிகிற பக்கமாகத் தலையைத் திருப்பி வைக்கச் சொன்னாள். வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த நேரம், புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டு அப்பா ஏறிய பஸ் பாதி வழியில் கண்ணமங்கலத்தைத் தாண்டியிருக்கும். எனக்கோ, சாகிறவளிடம் நான் பொய் சொல்லிவிட்டேன் என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது.