அஞ்சு கேட்டால் எட்டு எடுக்கும்

“மிஸ், நான் அஞ்சு பைட்டுதான் கேட்டேன். அது எட்டு எடுத்துக்கிச்சு. கேக்காம எடுத்தா அது திருட்டுத்தானே?”

முத்தியால்பேட்டையில், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு ஹாலில் சி புரோகிராமிங் டியூஷன் எடுக்கிறவளிடம், நாம் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் கம்பைலர் செய்வதற்கெல்லாம் அவள்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி சண்டைக்கு வருவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட அவஸ்தைக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

ஐஸில் வெந்த மீன்

சண்டைக்கு வந்தவள் பெனசீர், கடைசி வருஷ இன்ஜினியரிங். நூறு மீன் பெட்டிகளின் வெப்பநிலையை சிப் வைத்த ஒரு சின்ன சர்க்யூட் போர்டு லேப்டாப்புக்கு அனுப்ப வேண்டும், அதுதான் புராஜெக்ட். பெட்டி எண்ணுக்கு ஒரு பைட், அதாவது மெமரியில் ஒரு இடம்; வெப்பநிலைக்கு நாலு. வியாழக்கிழமை ரிவ்யூ. தேறாவிட்டால் சென்னையில் கிடைத்திருக்கிற வேலை போச்சு.

போர்டு அஞ்சஞ்சாக அனுப்பியது, லேப்டாப் எட்டெட்டாக வாசித்தது. முதல் பெட்டியின் எண் மட்டும் சரி, மற்றதெல்லாம் குப்பை. ஐஸுக்குள் எண்ணூறு டிகிரி! இந்த மகராசி மூன்று நாளாக சென்சாரை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அளவு எத்தனை பைட் என்று கம்பைலரையே கேட்க ஒரு வரி போதும். திட்டினேன். சிரிக்கிறாள்.

“மீன் வறுத்தே வந்துடுச்சு மிஸ், எலுமிச்சம்பழம்தான் பாக்கி.”

காலியான மூன்று இடம்

நாலு பைட் எண்ணை மெமரியில் நாலால் வகுபடும் முகவரியில் வைத்தால் லேப்டாப் ஒரே வாயில் எடுக்கும். அதற்காகத்தான் கம்பைலர் நடுவில் மூன்று பைட்டைக் காலியாக விடுகிறது. கட்டம் போட்டு மூன்று தடவை சொன்னேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

கடைசியில், “உங்க வீட்டுக் கல்யாணத்துல நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு, சஹன் வைப்பீங்கல்ல? முதல் சஹன்ல ஒத்தை ஆள் உக்காந்துட்டாரு. அடுத்து நாலு பேர் குடும்பம் வருது. எங்க உக்காரும்?” என்றேன். அடுத்த சஹனில் என்றாள். அவள் போர்டின் குட்டிச் சிப் ஒவ்வொரு பைட்டாக எடுப்பது. அதற்கு ஆளுக்கொரு தட்டு, காலி இடமே விழாது. அதனால் அங்கே அஞ்சு, இங்கே எட்டு.

“அப்ப கம்பைலர் எங்க மாமு மாதிரி மிஸ். எடம் காலியாக் கெடந்தாலும் குடும்பத்தைப் பிரிச்சு உக்கார வைக்க மாட்டாரு.”

மஞ்சள் கோடு

இடம் விடாதே, நெருக்கி உட்கார வை என்று ‘பேக்டு’ போட்டேன். இரண்டு பக்கமும் அஞ்சு. பெட்டிகள் குளிர்ந்தன. ஆனால் இரண்டு பக்கமும் ஓடுகிற புரோகிராமில், வெப்பநிலையின் முகவரியை இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கிற வரியில் மஞ்சள் கோடு; கம்பைலரின் எச்சரிக்கை, தப்பென்றால் சிவப்பு. என்னவென்று கேட்டாள். உள்ளேயிருந்து தீய்ந்த வாடை. “செவப்பு வந்தா கூப்பிடு. மஞ்சளையெல்லாம் படிச்சா உருப்பட மாட்டோம்” என்றேன். எதையும் முழுசாகப் படி என்று கான்வென்ட் சிஸ்டர் என் விரல் முட்டியில் போட்ட அடியெல்லாம் வீண். அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரர்:

“மஞ்சள் கெடக்கட்டும், குழம்பு கறுப்பாயிடுச்சு. அதையாவது வந்து பாரு.”

வியாழக்கிழமை

முதல் நாள் போர்டு புகைந்துபோய், லேபில் பெரிய சிப் வைத்த புதுப் போர்டு கொடுத்திருக்கிறார்கள். ரிவ்யூவில் முதல் பெட்டியின் எண் வந்தது. அதோடு உறைந்து நின்றது. காலேஜ் வராந்தாவிலிருந்து பெனசீர் போன். பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள்.

“மஞ்சள் கோடு இப்பவும் இருக்கா?”

“இருக்கு மிஸ். நீங்கதானே படிக்காதேன்னீங்க?”

நெருக்கி வைத்த எண் பாதி இந்தச் சஹனிலும் பாதி அடுத்ததிலும் இருக்கும்; முகவரியை மட்டும் வாங்கிய ஃபங்ஷனுக்கு அது தெரியாது. லேப்டாப் பொறுத்துக்கொண்டது. ஒவ்வொரு பைட்டாக எடுக்கிற பழைய குட்டிச் சிப்புக்கும் கவலையில்லை. புதுச் சிப் கையை உதறிவிட்டது. கோடு சொன்னதும் அதையேதான். “நாலு பைட்டையும் தனி வேரியபிளுக்குக் காப்பி பண்ணு. அதோட முகவரியைக் கொடு. ஓடு!”

அரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள்.

“தேறிட்டேன் மிஸ். ஏன் நின்னுச்சுன்னு கேட்டாங்க, சஹன் கதையைச் சொன்னேன். குழம்பு கதையைச் சொல்லல.”

இடம் விட்டால் கம்பைலரைத் திருடன் என்கிறோம், இடம் விடாதே என்றுவிட்டு அது கத்துவதைக் காதில் வாங்குவதில்லை, இதில் ‘நாம்’ என்பது பெரும்பாலும் நான்தான்.

அன்றைக்கே டியூஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: “மஞ்சள் கோடு வந்தால் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள், ப்ளீஸ். படித்தோம் என்று யாராவது ஒருவர் பதில் போடுங்கள்.”

பதினாலு நீல டிக்.