ப்ளீச்சிங் பவுடரும் என் சிறுநீர்ப்பையும்

முதலில் வலியே இல்லை. சிறுநீர் சிவப்பாகப் போனது, அவ்வளவுதான். முந்தின நாள் தின்ற பீட்ரூட் பொரியலின் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். உங்களுக்கும் அப்படிப் போனால், வலிக்கவில்லையே என்று தள்ளிப்போடாதீர்கள்.

சேலத்தில் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்ப்பது) செய்தார்கள். கட்டி இருந்தது. புற்றுநோய் என்றார் டாக்டரம்மா.

என் கணவர் அதியமான்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர். தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலப்பதும் அவர்தான். அதிலுள்ள குளோரின், பாசியோடும் இலை அழுகலோடும் சேரும்போது ட்ரைஹாலோமீத்தேன் (கிருமிநீக்கத்தில் உண்டாகும் துணைப்பொருள்) உருவாகும், அதனால் இந்தப் புற்றுநோய் வரலாம் என்று போனில் எதையோ பார்த்துவிட்டார். மனிதர் உடைந்துபோனார்.

"நாந்தான் ஒனக்குக் கலக்கிக் குடுத்தனா?"

டாக்டரம்மாவிடமும் கேட்டார்.

"ரொம்ப வருசம் அது அதிகமா இருக்கற தண்ணியக் குடிச்சா வரலாம்னு ஒரு சந்தேகம் இருக்குதுங்க. இவங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா குளோரின் போடலைன்னா வாந்திபேதி நிச்சயம்."

இவர் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் ஏறியது.

கட்டியை அகற்றிய சில வாரங்களில், அது திரும்ப வராமலிருக்க, பிசிஜி (வலுவிழக்கச் செய்த காசநோய் வகைக் கிருமி) மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். மருந்து செலுத்தும் அன்றைக்குச் சிறுநீர் கழித்ததும் அதன் மேல் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றவேண்டும், கிருமி யாருக்கும் பரவக் கூடாது என்றார் நர்ஸ்.

வீடு வந்ததும் பவுடர் கேட்டேன். தொட்டிப் பக்கத்து அறையிலிருந்து மூட்டையையே தூக்கி வந்தார். தையல்கூடப் பிரிக்காத மூட்டை. என் ஆபரேஷனுக்கு முன்பே வந்து இறங்கியது அது.

"தொட்டிக்குப் போடறதே இல்லீங்களா?"

"கை வரல புள்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் பரிதாபமாகவும் இருந்தது. ஆனால் தெரு முழுக்கக் கைக்குழந்தைகள்.

"எனக்கு வந்தது வந்துருச்சுங்க. பக்கத்து வூட்டுக் கொழந்தைக்குப் பேதி புடுங்கிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க? மொதல்ல தொட்டியக் கழுவுங்க. பாசியெல்லாம் தேச்சு எடுத்துட்டு அளவாப் போடுங்க."

தொட்டிமேல் ஏறினார். சாயங்காலம்வரை தேய்த்தார்.

மறுநாள் குழாயில் அந்த நெடி வந்தது. ஒரு டம்ளர் பிடித்து அவர் கண்ணெதிரே குடித்தேன். பயமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொண்டால் அவர் மறுபடி மூட்டையைத் தொடமாட்டார்.

முன்பெல்லாம் தண்ணீர் தொண்டையைத் தாண்டினால் மறந்துபோகும். இப்போது அது எங்கே போய்த் தேங்கும் என்று எனக்குத் தெரியும். அது வெளியேறும்வரை நேரம் நகர்வதில்லை.